தையல் ஊசி என்றுதான் சொன்னோம்

தொழிற்சாலை வாசலில் ஒரு நீலப் பலகை இருந்தது. மேலே ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் தகடுகளைச் செருக இடம் விட்டிருந்தார்கள். தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு, ஷிப்ட் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, டைம் ஆபீஸ்காரி ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஏறி நின்று பழைய தகட்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவாள். வருகைப் பதிவு, லீவுக் கடிதம், சீருடை கொடுப்பது என்று எட்டு வருஷமாக எத்தனையோ வேலை பார்க்கிறாள். அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் போர்டக்காதான். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். உள்ளே வருகிறவர்கள் நின்று எண்ணைப் பார்த்துவிட்டுப் போவதை ஸ்டூல்மேல் இருந்தபடியே ரசிப்பாள்.

அன்றைக்கு 983.

இதற்கெல்லாம் என்ன பரிசு என்று கேட்டால் சொல்லச் சிரிப்பாக இருக்கும். ஐநூறாவது நாளில் முதலாளி ஒரு கேக் வெட்டினார். நூற்றிருபது பேருக்கு ஒரே கேக். ஆளுக்கு விரற்கடை அளவு கிடைத்தது. ஆயிரமாவது நாளில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து வாசலில் மாட்டுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவ்வளவேதான். இதற்கா இத்தனை பாடு என்று கேட்காதீர்கள். மனிதர்கள் இதைவிட அற்பமான காரியத்துக்கெல்லாம் தலைகீழாக நின்றிருக்கிறார்கள்.

பரிசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இந்த எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்னால் பலகை 212 வரை போய் நின்றது. லோடு ஏற்றுகிற ஓர் ஆள் லாரியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் முன்வாசல் வழியாகவே வந்துவிட்டதால் மூடி மறைக்க வழியில்லை. பலகையில் பூஜ்யம் ஏறியது. ஒன்றரை மாதம் கழித்து அவர் ஊன்றுகோலோடு கேன்டீனுக்குள் வந்தபோது, போர்டக்காதான் கையில் தட்டோடு உரக்கக் கூப்பிட்டாள்: “வாங்க வாங்க, இருநூத்திப் பன்னெண்டு!” கேன்டீனே குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர் உட்காரும் மேஜையில் யாரும் உட்காரவுமில்லை. அப்படிச் செய்யுங்கள் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, தானாக நடந்தது. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். போர்டக்கா அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. வாய்த் துடுக்காக ஒரு வார்த்தை சொன்னோம், நன்றாக எடுபட்டது என்பதோடு சரி.

பதினொரு மணி இருக்கும். பேக்கிங் பகுதியிலிருந்து பெரியம்மா மூச்சு வாங்க வந்து டைம் ஆபீஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, எல்லோருக்கும் பெரியம்மா.

“பதறாம வா. உன் தங்கச்சிக்கு விரல்ல லேசா என்னமோ குத்திடுச்சு.”

தங்கை நாலைந்து மாதமாக நான்காம் நம்பர் மெஷினில் வேலை செய்தாள். பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் அழுத்தி, வாளி மூடி செய்கிற மெஷின் அது. அக்காதான் சிபாரிசு செய்து ஒன்றரை வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். இடது கைப் பழக்கக்காரி. மற்றவர்கள் மணிக்கு நூறு மூடி எடுத்தால் இவள் அந்த இடது கையாலேயே நூற்றிருபது எடுப்பாள்.

போர்டக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது தங்கை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சிரித்த முகம்தான்.

“ஒண்ணும் இல்லக்கா. மெஷின்ல ஆயில் போற ரப்பர் ஹோஸ் எங்கயோ கசியுது. எங்கேன்னு கண்ணுக்குத் தெரியல. விரலால தடவிப் பாத்தேன், சுருக்குன்னு குத்திடுச்சு.”

இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒரு புள்ளி இருந்தது. எறும்பு கடித்தால்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். “இதுக்கா இவ்வளவு களேபரம்? அதுவும் இடது கைதானே, நல்லவேளை!” என்றார். அவள் எந்தக் கையால் வேலை செய்கிறாள் என்பது ஒன்றரை வருஷமாக அவர் கண்ணில் பட்டதில்லை போலிருக்கிறது.

“எதுக்கும் ஒரு ஊசி போட்டுடலாம்” என்றாள் பெரியம்மா.

அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. எழுதாத சட்டம் என்றாலும் எல்லோருக்கும் மனப்பாடம். சீருடையைக் கழற்றி வீட்டு உடுப்பு மாட்ட வேண்டும். அடையாள அட்டையை லாக்கரில் வைக்க வேண்டும். பின்கேட் வழியாகப் போக வேண்டும். முக்கியமாக, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கதவிடுக்கு, சைக்கிள் செயின், அலமாரி மூலை என்று ஏற்கெனவே பலரும் சொல்லிப் பழகிய காரணங்கள் இருந்தன.

“தையல் மெஷின் ஊசின்னு சொல்லிடுங்க. புள்ளிக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்” என்றாள் பெரியம்மா, துணிக்கு நூல் பார்த்துக் கொடுக்கிறவளைப்போல.

இரண்டு தெரு தள்ளி இருந்தது ஆஸ்பத்திரி. மூக்கு நுனிக்கு நழுவிய கண்ணாடியோடு ஒரு பெண் டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்படி ஆச்சு?”

“வீட்ல தைக்கும்போது ஊசி ஏறிடுச்சு டாக்டர்” என்றாள் போர்டக்கா.

“தையல் ஊசியா? வேற ஏதாவது மெஷினா?”

“தையல் ஊசிதான்.”

டாக்டர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். “எண்ணெய் வாசம் அடிக்குதே?”

தங்கை அக்காவைப் பார்த்தாள். போர்டக்கா கண் இமைக்கக்கூட இல்லை. “தையல் மெஷினுக்குத்தான் டாக்டர் எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தா. போடும்போதே கால் பெடல்ல பட்டுடுச்சு.”

என்ன ஒரு சாமர்த்தியம்! டாக்டர் தலையாட்டிவிட்டு ஒரு தடுப்பூசியும் நாலு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்காவும் தங்கையும் தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “பெடல்ல பட்டுடுச்சாம்! எப்படிக்கா உனக்கு வாயில வருது?” என்று தங்கை கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

மத்தியானம் அவள் திரும்பி வேலைக்கே வந்துவிட்டாள். கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி பேக்கிங்கில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் அட்டைப்பெட்டி மடித்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் தோளில் தட்டினார்கள். “கெட்டிக்காரி”, “நம்ம பொண்ணு” என்றார்கள். ஒருத்தி தன் பங்கு டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் விரல் விண் விண் என்று தெறிக்கத் தொடங்கியது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்றைய இரவைப் பற்றிப் போர்டக்கா பிறகு யாரிடமும் பேசியதில்லை. விடிந்தபோது விரல் மெழுகுபோல வெளுத்து விறைத்திருந்தது. உள்ளங்கை உப்பி, மணிக்கட்டு வரை பளபளவென்று வீங்கியிருந்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கிளம்புடி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

“நீ முதல்ல போய் நம்பரை மாத்திட்டு வா. நீ போகலேன்னா ஏன் வரலேன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. அப்புறம் எல்லாம் வெளிய வந்துடும்.”

சொன்னால் நம்பமாட்டீர்கள். பெற்றோர் போனபிறகு தோளில் போட்டு வளர்த்த தங்கை அப்படித் துடிக்கும்போது, இந்தப் பெண் எழுந்து, தலை வாரி, இருபது நிமிடம் நடந்துபோய், ஸ்டூல் மேல் ஏறி 984 என்று தகட்டைச் செருகினாள். உள்ளே நுழைந்தவர்களில் யாரோ, “இன்னும் பதினாறு!” என்று கத்தினார்கள். அவள் ஸ்டூல் மேலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து, தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை.

அதே டாக்டர்தான். கட்டை அவிழ்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. விரலை அடியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்தினார். தங்கை வீறிட்டாள். அந்தக் குட்டிப் புள்ளியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வெளியே வந்து, டாக்டரின் வெள்ளைக் கையுறையில் வழிந்தது.

ஆயில்.

ஒரு தொழிற்சாலையின் ஆயில் தன் தங்கையின் விரலுக்குள்ளிருந்து வருவதைப் போர்டக்கா கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது? தையல் ஊசிக்குள்ள இவ்வளவு எண்ணெயா இருக்கும்?”

“ஊசிதான் டாக்டர்” என்றாள் தங்கை, வலியில் உதடு கோணியபடி.

டாக்டர் அவளைப் படுக்கையில் ஏற்றி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போர்டக்காவின் பக்கம் திரும்பினார்.

“நேத்து உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன். இப்ப மூணாவது தடவையா கேக்கறேன். என்ன குத்துச்சு?”

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் வாயைத் திறந்தால் கண்முன்னால் வந்து நின்றது டாக்டர் இல்லை, கேன்டீன். யாரும் உட்காராத ஒரு மேஜை. நூற்றிருபது பேரின் முகங்கள். அந்த முகங்களுக்கு நடுவே தன் முகத்தையும் அவள் பார்த்தாள். அது மற்றவர்களைவிடப் பெரிதாக வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“மெஷின் ஹோஸ்” என்றாள் கடைசியில். “பிரஷர்ல ஆயில் போற ஹோஸ். நேத்து காலைல பதினொரு மணிக்கு.”

“அது குத்தல் இல்லம்மா” என்றார் டாக்டர். “தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போய், விரலுக்குள்ள பீச்சி அடிச்சிருக்கு. வெளிய பாத்தா புள்ளி, உள்ள பாத்தா விஷம். நேத்தே சொல்லியிருந்தா அந்த நிமிஷமே ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணியிருப்பேன். ஆறு மணி நேரம்மா! ஆறு மணி நேரத்துக்குள்ள திறந்து கழுவியிருந்தா விரல் தப்பிச்சிருக்கும். இப்ப எவ்வளவு ஆச்சுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.”

எண்ணுவதற்கு அவளிடம் சொல்லவா வேண்டும்? இருபத்திரண்டரை மணி நேரம். எண்ணெய் வாசம் அடிக்கிறதே என்று டாக்டர் கேட்டது அவள் நெஞ்சில் வந்து மோதியது. கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்த உண்மையை, தானே பிடரியைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறாள். தள்ளிவிட்டுத் தெருவில் நின்று சிரித்தும் இருக்கிறாள்.

தங்கையை எக்ஸ்ரே அறையிலிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வார்த்தை பேசக்கூட நேரமில்லை. போர்டக்கா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தொழிற்சாலை மேனேஜருக்குப் போன் செய்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினாள். திட்டுவார், கத்துவார், வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் திகைத்துப்போய்க் கேட்டார்:

“யாரும்மா உங்கள மறைக்கச் சொன்னது?”

யார் சொன்னது? முதலாளி சொன்னாரா? நோட்டீஸ் போட்டார்களா? இத்தனை வருஷமாக டைம் ஆபீஸ் வழியாகப் போன ஒவ்வொரு காகிதத்தையும் அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு காகிதம் வந்ததே இல்லை.

“நாலாம் நம்பர் ஹோஸ் பழசுன்னு எனக்கே தெரியும்” என்று அவர் தொடர்ந்தார். “மாத்தணும்னு நான் மேல கேட்டா, இதுவரைக்கும் ஏதாவது நடந்திருக்கான்னு கேக்கறாங்க. ஒரு சின்னக் காயம்கூட ரெஜிஸ்டர்ல இல்லையேம்மா. நான் எதைக் காட்டுவேன்?”

போனை வைத்துவிட்டு அவள் தியேட்டர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பெரியம்மாவும் சூப்பர்வைசரும் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவர் முகத்திலும் கவலை இருந்தது. பொய்க் கவலை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வந்த கேள்வி இதுதான்.

“டாக்டர்கிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?” என்றார் சூப்பர்வைசர் தணிந்த குரலில்.

“உண்மையச் சொல்லிட்டேன். மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

சூப்பர்வைசர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். பெரியம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. யாரும் கோபப்படவில்லை, அதுதான் போர்டக்காவை உலுக்கியது. பெஞ்சில் அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அந்த நிமிடமே விழுந்துவிட்டது.

“ஹோஸ் கசியறது யாருக்குமே முன்னாடி தெரியாதா?” என்று கேட்டாள். சும்மா கேட்டுவைத்த கேள்விதான். பதில் வருமென்றுகூட நினைக்கவில்லை.

பெரியம்மா குனிந்த தலையோடு, மணிக்கட்டு வரை மூடியிருந்த சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்து, முழங்கை வரை ஏற்றினாள். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிக் கன்றிக் கிடந்தது.

“அஞ்சு மாசம் ஆச்சு. பேக்கிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி நாலாம் நம்பர்ல நான்தானே நின்னேன். அந்த ஹோஸ்லேர்ந்து சூடா பீச்சி அடிச்சுது. அடுப்புல எண்ணெய் தெறிச்சுதுன்னு ஆஸ்பத்திரில சொன்னேன்.”

“அப்புறம் ஹோஸை என்ன பண்ணீங்க?”

“டேப் சுத்தினேன்” என்றார் சூப்பர்வைசர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நாலு சுத்து. தாங்கும்னு நினைச்சேன்.”

தங்கைக்குக் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போனது ஏன் என்று போர்டக்காவுக்கு இப்போது புரிந்தது. அது டேப்புக்கு அடியில் இருந்தது. அதனால்தான் அவள் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். போர்டக்காவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. ‘பாவிகளா, தெரிந்துமா அவளை அந்த மெஷினில் நிறுத்தினீர்கள்’ என்று கேட்க வாயெடுத்தாள். கேட்க முடியவில்லை. பெரியம்மா எதற்கு பயந்து மறைத்தாள்? பெயர் போய் எண்ணாகிவிடுமே என்றுதான். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது யார் என்று பெரியம்மா கேட்டால் என்ன சொல்வாள்?

“வேற யாருக்கெல்லாம் பட்டிருக்கு?” என்றாள்.

பெரியம்மா எட்டுப் பேரைச் சொன்னாள். சூப்பர்வைசர் ஆறு பேரைச் சொன்னார். இரண்டு பட்டியலிலும் ஒரு ஆள்கூட ஒத்துப்போகவில்லை. போர்டக்காவுக்குத் தனியாக மூன்று பேரைத் தெரியும். அந்த மூன்று பேர் இவர்கள் பட்டியலில் இல்லை. ஒவ்வொருவரும், ஏதோ நமக்குத் தெரிந்த இவர்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்று பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதற்கே பதினேழு. மற்றவர்களையும் கேட்டால் எவ்வளவு வரும்? தினமும் வாசலில் நின்று அவள் ஊருக்குக் காட்டியது என்ன?

நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எடுத்தாயிற்று. உள்ளங்கையைத் திறந்து கழுவியிருக்கிறார்கள். மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிக்கை இருக்கிறது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சூப்பர்வைசர், “இடது கைதான்னு…” என்று எதையோ சொல்ல ஆரம்பித்து, போர்டக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

தங்கை கண் விழிக்கும்போது ஆறு மணி ஆகிவிட்டது. கை முழுக்க வெள்ளைக் கட்டு. போர்டக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தவித்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. நர்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள் போலிருக்கிறது.

“ரெண்டு விரல் போயிடுச்சாம்க்கா” என்றாள் தங்கை. மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியாத குரல்.

“என் கண்ணே…” என்று அழத் தொடங்கினாள் அக்கா.

“அது கிடக்கட்டும். நீ எதையும் உளறிடலையே?”

போர்டக்கா அழுகையை நிறுத்தினாள். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் சந்தேகம்.

“உளறினியா?”

“சொல்லிட்டேன். சொல்லாம எப்படிடி ஆபரேஷன் பண்ணுவாங்க? மேனேஜருக்கும் தெரியும். ஹோஸை இன்னிக்கே கழட்டறாங்க.”

தங்கையின் முகம் மெல்லச் சுருங்கியது. விரல்கள் போனதைச் சொன்னபோது வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது. நல்ல கையால் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏன்க்கா சொன்னே? ரெண்டு விரலோட போயிருக்குமே! இப்ப நம்பரும் போச்சே!”

போர்டக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பளாரென்று ஒன்று வைக்கக் கை துடித்தது. படுக்கையில் கிடக்கிற இந்தப் பெண்ணை அறைவதா, தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருக்கிற பெரியம்மாவை அறைவதா, தன் கன்னத்திலேயே போட்டுக்கொள்வதா என்று தெரியவில்லை. தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இனி எந்த முகத்தோடு தொழிற்சாலையில் போய் நிற்பது என்று விசும்பிக்கொண்டிருந்தாள். நேற்றுவரை தானாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்போம் என்பது போர்டக்காவுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து கட்டிலைச் சுற்றிப்போய்ச் சுவருக்கும் தங்கைக்கும் நடுவில், தங்கையின் முகத்துக்கு நேராக நின்றாள்.